அரைச் சுற்று

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள். எனக்கு வெளியே பார்க்க வேண்டாம். பின்னால் சீட் காலியாக இருக்கிறது, பார்த்தேன். அங்கே உட்கார்ந்தால் தூக்கித் தூக்கிப் போடும். இந்தப் பஸ்ஸில் பின்பக்கம் ஒரு ஸ்பிரிங் பட்டை உடைந்திருக்கிறது. பொள்ளாச்சி ஸ்டாண்டை விட்டு வெளியே வரும்போதே சத்தம் கேட்டது. உங்களுக்குக் கேட்கவில்லையா? பயப்படாதீர்கள். வால்பாறை போய்ச் சேர்ந்துவிடும்.

என் தொழில் அது. கோவையில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறேன். பெயர் சென்னியப்பன். முப்பது வருடமாகச் சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதிரே ஆள் நடந்து வந்தால்கூட முகத்தைப் பார்க்கிறதற்கு முன்னால் செருப்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பேன். உங்களுக்கு இடது கால் வெளிப்பக்கம். தப்பாக நினைக்காதீர்கள்.

கார்க்காரன் ஏன் பஸ்ஸில் போகிறான் என்று கேட்பீர்கள். என் காரை எடுத்தால் ஆழியாறு தாண்டுவதற்குள் திருப்பிவிடுவேன். ஏற்கெனவே இரண்டு தடவை திருப்பிவிட்டேன். பஸ்ஸைத் திருப்ப முடியாது.

மகளைப் பார்க்கப் போகிறேன். தாரணி. ஒரே மகள். இருபத்தேழு வயது, பம்ப் கம்பெனியில் டிசைன் வேலை. பன்னிரண்டு நாளாக மேலே ஒரு எஸ்டேட்டில் இருக்கிறாள். இன்றைக்குப் பதினொரு மணிக்கு அங்கே ஒரு கமிட்டி உட்காருகிறது. மூன்று பேர். அவள் இனிமேல் பந்தயத்தில் கார் ஓட்டலாமா கூடாதா என்று அவர்கள் சொல்லப்போகிறார்கள். அதற்கு முன்னால் நான் போய்ச் சேர வேண்டும். சேர வேண்டுமா என்று இன்னும் தெரியவில்லை.

ஆமாம், பந்தயம். ரோட்டில் இல்லை. எஸ்டேட்டுக்குள்ளேயே சொந்த ரோடு, மூன்று கிலோமீட்டர், பதினொரு வளைவு. வருடத்துக்கு ஒரு நாள் ரோட்டை அடைத்துவிட்டு ஒவ்வொரு காராக மேலே விடுவார்கள். யார் சீக்கிரம் ஏறுகிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. பெரிய கார் எல்லாம் கிடையாது. நீங்களும் நானும் காய்கறி வாங்கப் போகிற மாதிரி சின்ன கார்தான். ஸ்பிரிங்கைத் தாழ்த்தி, ஷாக் அப்சார்பரை மாற்றி, சக்கரத்தைச் சரிசெய்து ஓட்டுவார்கள். மற்ற பெண்பிள்ளைகள் நகை வாங்குகிற சம்பளத்தில் இவள் ஷாக் அப்சார்பர் வாங்கினாள். நான் தடுத்ததில்லை. என் கடையில் ஆண் பெண் என்ற வித்தியாசமே கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வளைவு வந்துவிட்டது. போர்டைப் பார்த்தீர்களா? மொத்தம் நாற்பது வளைவு இருக்கிறது. கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

விஷயம் சின்னது. உங்கள் பாதம் இரண்டையும் பாருங்கள். பெருவிரல்கள் கொஞ்சம் உள்ளே பார்த்தால் ஒரு நடை, கொஞ்சம் வெளியே பார்த்தால் ஒரு நடை. காரின் முன்சக்கரமும் அப்படித்தான். உள்ளே பார்த்தால் கார் சாதுவாக நேரே போகும். திருப்பினால் ஒரு தரம் யோசித்துவிட்டுத் திரும்பும். வெளியே பார்த்தால் ஸ்டீயரிங்கைத் தொட்டதும் மூக்கு வளைவுக்குள் பாயும், ஆனால் நேர் ரோட்டில் நிலையாக இருக்காது, அலைந்துகொண்டே இருக்கும். இத்தனைக்கும் வித்தியாசம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். ஒரு ஸ்பேனர், சக்கரத்தை ஸ்டீயரிங்கோடு சேர்க்கிற ஒரு ராடு, அரைச் சுற்று.

பந்தயத்துக்கு நாலு நாள் முன்னால் காரைக் கடைக்குக் கொண்டுவந்தாள். கையில் குறிப்பு.

"முன்னாடி ரெண்டும் வெளிய ஒவ்வொரு மில்லி வேணுங்ப்பா."

"வெளிய எதுக்கு? சைபர்ல வெச்சாப் போதாதா?"

"சைபர்ல மூக்கு சோம்பல் படுது."

"நேரா போறப்ப அலையும் அம்முணி. கை ஓயாம புடிச்சிட்டே இருக்கோணும்."

"புடிச்சுக்கறேன். கை வேற எதுக்கு இருக்குது?"

இப்படித்தான் பேசுவாள். அவள் அம்மா பூங்கொடி என்னைக் குற்றம் சொல்வாள், நீங்கள் கொடுத்த வாய் என்று.

நான் பந்தயக் கார்களுக்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஓட்டுகிற ஆளின் எடைக்கு மணல் மூட்டை கட்டி டிரைவர் சீட்டில் வைத்துவிட்டுத்தான் அளப்பேன். ஆள் உட்கார்ந்தால் கார் ஒரு பக்கம் அமுங்கும், சக்கரம் மாறும். தாரணிக்கு ஐம்பத்தாறு கிலோ. மூட்டையை வைத்து, பெல்ட் போட்டு, அவள் கேட்ட மாதிரியே வைத்தேன். ஸ்கிரீனில் எல்லா எண்ணும் சிவப்பு. கம்பெனி சொல்கிற அளவுக்கு வெளியே போனால் சிவப்பு காட்டும், உள்ளே இருந்தால் பச்சை.

"பாரு, ஒரே சிவப்பு" என்றேன்.

"அது கம்பெனிக்குச் சிவப்பு. எனக்கு அதுதானுங்ப்பா பச்சை."

பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பக்கத்து பேக்கரிக்கு டீ குடிக்கப் போனாள். உங்களுக்கும் தேங்காய் பன் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போன மாதம் அந்த எஸ்டேட் ரோட்டைப் பார்க்க அவளோடு நானும் போயிருந்தேன். ஏழாவது வளைவில் வெளிப்பக்கம் பள்ளம். எட்டிப் பார்த்தேன். கீழே சில்வர் ஓக் மரங்களின் உச்சிதான் தெரிகிறது, அடி தெரியவில்லை. அவள் அந்தப் பள்ளத்தைப் பார்க்கவே இல்லை. தரையில் குந்தி உட்கார்ந்து, தார் எங்கே வழவழப்பாக இருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து எனக்கு அந்த மர உச்சிகள்தான் கண்ணில் நிற்கின்றன.

அவள் டீ குடிக்கப் போன நேரத்தில் ஸ்பேனரை எடுத்தேன். இடது ராடு அரைச் சுற்று, வலது ராடு அரைச் சுற்று. இரண்டு பக்கமும் ஒரே அளவு. அப்போதுதான் ஸ்டீயரிங் கோணாது. கோணினால் கண்டுபிடித்துவிடுவாள். ஸ்கிரீனில் சிவப்பு பச்சையானது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. சீட்டில் மணல் மூட்டை பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. அவள் உட்கார்ந்திருந்தால் கை வந்திருக்காதோ என்னவோ.

கை பழக்கம் பாருங்கள், அதையும் பிரிண்ட் எடுத்துவிட்டேன். எந்த வேலை முடித்தாலும் பிரிண்ட் எடுப்பது வழக்கம். இரண்டாவது தாளை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் சொருகினேன். அவள் வந்தாள். தேங்காய் பன்னைச் சாப்பிட்டேன்.

இது எத்தனையாவது? ஒன்பதா? கீழே ஆழியாறு அணை தெரிகிறது என்று எல்லோரும் படம் எடுக்கிறார்கள். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள், நான் குனிந்துகொள்கிறேன்.

பெற்றவன் செய்ய மாட்டானா, சொல்லுங்கள். வேகத்தை நான் குறைக்கவில்லை. பிரேக்கைத் தொடவில்லை. காரைக் கொஞ்சம் சாதுவாக்கினேன், அவ்வளவுதான். கோப்பை வராவிட்டால் போகிறது, பிள்ளை வீட்டுக்கு வரட்டும் என்று நினைத்தேன். நல்லதைத்தான் நினைத்தேன். இதைத் தினமும் சொல்லிக்கொள்கிறேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கொஞ்சம் தேய்கிறது.

வேறு யாருக்காவது இப்படிச் செய்திருக்கிறேனா என்றால், இல்லை. முப்பது வருடத்தில் ஒருவருக்கும் இல்லை. பெங்களூரிலிருந்து வருகிறார்கள், கொச்சியிலிருந்து வருகிறார்கள். கேட்டதைக் கேட்டபடி வைத்துக் கொடுப்பான் என்றுதான் வருகிறார்கள். என் அக்கா மகன் சபரீஷ் போன வருடம் இதே ரோட்டில் ஓட்டினான். அவன் இவளைவிட அதிகம் கேட்டான், ஒன்றரை மில்லி. வைத்துக் கொடுத்தேன். ஏழாவது வளைவு அப்போதும் அங்கேதான் இருந்தது. ஆனால் சபரீஷ் விஷயம் வேறு. அவன்... அவனுக்குக் கை பழக்கம் உண்டு. இவளைவிட நாலு செகண்ட் தாமதமாக ஏறுகிறவன்தான், ஆனாலும் வேறு. நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

சரி. அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

காலை எட்டு மணிக்கு ஒத்திகை ஓட்டம். பத்தரைக்கு நிஜ ஓட்டம். நான் கடையில்தான் இருந்தேன். போக முடியவில்லை, வேலை இருந்தது. வேலை இல்லை. போகவில்லை. ஒன்பது மணிக்குப் போன் செய்தாள்.

"அப்பா, மூக்கு திரும்ப மாட்டேங்குதுங்ப்பா. ஒருக்கா யோசிச்சிட்டுத்தான் உள்ள வருது."

"டயர் சூடாயிருக்காது அம்முணி. மலைக் குளிரு. காத்தைக் கொஞ்சம் கொறச்சுப் பாரு."

"கொறைக்கட்டுங்களா?"

"கொறை. சரியாப் போயிரும்."

பத்தரைக்கு அவள் ஓட்டம். ஆறு வளைவு வரைக்கும் நன்றாகத்தான் போயிருக்கிறாள். ஏழாவதில், மூக்கு உள்ளே பாயும் என்று நம்பி, எங்கே பிரேக் விட வேண்டுமோ அங்கே விட்டாள். மூக்கு வரவில்லை. யோசித்தது. அவ்வளவு நேரம் அங்கே யோசிக்க இடம் இல்லை. கார் நேராக வெளிப்பக்கம் போய், அடுக்கி வைத்திருந்த பழைய டயர்களில் மோதி நின்றது. டயர் இல்லாவிட்டால் பள்ளம்தான். அந்த டயர்களுக்குப் பின்னால் கொடி பிடித்துக்கொண்டு ஒருத்தர் நின்றிருந்தார். சூசைராஜ். எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டுகிறவர், அன்றைக்கு மட்டும் உதவிக்கு வந்தவர். டயர் அடுக்கு அவர் மேல் சரிந்து வலது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. தாரணிக்கு வலது மணிக்கட்டு.

அவளைக் காப்பாற்றத்தான் அரைச் சுற்று. கேட்கிறீர்களா? அதற்குத்தான்.

அன்றிலிருந்து அவள் கீழே இறங்கவில்லை. கட்டுப் போட்ட கையோடு சூசைராஜ் வீட்டிலேயே இருக்கிறாள். அவர் மனைவி இலை பறிக்கப் போய்விடுவதால் இவள்தான் அவருக்குச் சாப்பாடு எடுத்து வைக்கிறாளாம். கமிட்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். சபரீஷ் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். நாலே வரி. காரில் எந்தக் குறையும் இல்லை. ஓட்டத்துக்கு முன் நானே அளந்து பார்த்தேன். வளைவை நான் தப்பாகக் கணக்குப் போட்டேன். தவறு என்னுடையது. கீழே கையெழுத்து. இடது கையால் போட்டிருக்கிறாள், கோணலாக.

அவள் அளந்து பார்க்க மாட்டாளா என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன். கொஞ்சம் பொறுங்கள். இந்த டிரைவர் வளைவில் கியரை மாற்றுகிறார், பாருங்கள், மாற்றக் கூடாது, வளைவுக்கு முன்னாலேயே மாற்றியிருக்க வேண்டும்.

முதலில் இந்தப் பையில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒன்று, அந்தப் பச்சைத் தாள். இரண்டாவது பிரிண்ட். தேதி, நேரம், கார் நம்பர் எல்லாம் இருக்கிறது. இதைக் கமிட்டியிடம் கொடுத்தால் அவள் மேல் தப்பில்லை என்று ஆகிவிடும். அப்புறம் சென்னியப்பன் கடை பிரிண்டை எவனும் நம்ப மாட்டான். ஒரு தாளைக் கையில் கொடுத்துவிட்டு முதுகுக்குப் பின்னால் வேறு மாதிரி வைக்கிறவன் என்று தெரிந்தால் யார் வருவார்கள்? நானே போக மாட்டேன்.

அதனால் இன்னொரு தாளும் வைத்திருக்கிறேன். என் மெஷினைச் சரிபார்க்க வருகிற தங்கராசு எழுதிக் கொடுத்தது. மெஷினில் அளவு தள்ளிப்போயிருந்தது, அதனால் காட்டிய எண்கள் தவறாக இருக்கலாம் என்று. தங்கமான பையன். "மெஷின்னா தள்ளத்தானுங்கண்ணா செய்யும், யாரு கேக்கப்போறாங்க" என்று சிரித்துக்கொண்டே சீல் போட்டான். அழகான தாள். அவள் மேலும் தப்பில்லை, என் மேலும் தப்பில்லை. மெஷின் மேல். மெஷினுக்கு மகளும் இல்லை, கடையும் இல்லை. பொள்ளாச்சியில் ஏறும்போது இந்தத் தாளைக் கொடுப்பதாகத்தான் ஏறினேன். உங்களிடம் பேசாமல் இருந்திருந்தால் கொடுத்துமிருப்பேன்.

முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. காது அடைக்கிறதா? எச்சிலை விழுங்குங்கள்.

ஒன்றை விட்டுவிட்டேன். போனில் அவள் பேசியதை முழுதாகச் சொல்லவில்லை. காற்றைக் குறை என்று நான் சொன்னதற்கு அப்புறம் அவள் வைத்துவிடவில்லை. அப்புறம் கேட்டாள்.

"அப்பா, நான் டீ குடிக்கப் போனப்புறம் ஏதாச்சும் தொட்டீங்களா?"

"நானா? எதுக்குத் தொடறேன்? நீ சொன்ன மாதிரிதான் இருக்குது."

"சத்தியமா?"

"பிரிண்ட் உன் கையிலதான இருக்குது அம்முணி."

"இல்லீங்ப்பா, சும்மா கேட்டேன். வெச்சர்றேன்."

சத்தியமா என்று கேட்டதற்கு நான் ஆமாம் என்று சொல்லவில்லை. அதை ஒரு பெரிய சாமர்த்தியம் போல ஒரு வாரம் மனதில் வைத்துக்கொண்டிருந்தேன். சத்தியம் செய்யவில்லை, பிரிண்ட் இருக்கிறது என்றுதான் சொன்னேன், பிரிண்ட் இருந்ததுதானே என்று.

மோதிய காரை லாரியில் ஏற்றி என் கடைக்குத்தான் அனுப்பினார்கள். கதவுப் பையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. இதோ, இதுதான். அவளிடம் கொடுக்கலாம் என்று எடுத்தேன். பிரித்திருக்கக் கூடாது.

மலையில் மெஷின் கிடையாது அல்லவா? பந்தயக்காரர்கள் நூல் கட்டி அளப்பார்கள். காரின் இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைத்து, முன்னும் பின்னும் மீன்பிடி நரம்பை இழுத்துக் கட்டி, சக்கரத்துக்கும் நரம்புக்கும் எவ்வளவு தூரம் என்று ஸ்கேலால் பார்ப்பார்கள். பொறுமை வேண்டும். நரம்பு கொஞ்சம் தளர்ந்தாலும் அளவு பொய் சொல்லும். ஒத்திகை முடிந்ததும் அவள் நூல் கட்டியிருக்கிறாள். என்னிடம் போனில் பேசுவதற்கு முன்னாலேயே. இந்தப் பக்கம் பாருங்கள். எழுத்து சின்னது, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இடது: உள்ளே ஒன்றரை. வலது: உள்ளே ஒன்றரை. எத்தனை தடவை அளந்திருக்கிறாள் பார்த்தீர்களா? மூன்று தடவை. மூன்றும் ஒரே அளவு. என் பச்சைத் தாளில் என்ன இருக்கிறது? இடது ஒன்று புள்ளி நாலு, வலது ஒன்று புள்ளி ஐந்து. உள்ளே. ஒரு ஸ்கேலும் நரம்பும் வைத்துக்கொண்டு, எஸ்டேட் புல்லில் குந்தி உட்கார்ந்து, என் மெஷினுக்குச் சமமாக அளந்திருக்கிறாள். அவ்வளவு சுத்தமாக எனக்கே வராது.

இப்போது மூன்றின் மேலும் குறுக்கே கோடு போட்டிருக்கிறது, பார்த்தீர்களா? கீழே படியுங்கள். படியுங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன். வேண்டாம், எனக்கே மனப்பாடம்.

"அப்பா தொடவில்லை என்கிறார். நூல்தான் தப்பு. பிரிண்ட்: வெளியே 1, வெளியே 1. அப்படியே ஓட்டலாம்."

காரின் டிக்கியில் ஸ்பேனர் இருந்தது. பத்து நிமிட வேலை. பத்தரை மணி ஓட்டத்துக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அவள் கை சரி, கண் சரி, நூல் சரி. என் வார்த்தை ஒன்றுதான் குறுக்கே நின்றது. அவள் அடித்தது அவளுடைய எண்களை.

நூலுக்கு வாய் இல்லை, அதனால் அவள் அதன் மேல் பழியைப் போட்டாள். மெஷினுக்கு வாய் இல்லை, நான் அதன் மேல் போடப் பார்க்கிறேன். ஆனால் அவள் தெரியாமல் போட்டாள்.

இதில் எனக்கு எது பயம் தெரியுமா? கமிட்டி இல்லை. கடைகூட இல்லை என்று நினைக்கிறேன். அவளை ஒரு வருடம் தடுத்தால்கூட அடுத்த வருடம் ஓட்டுவாள். ஆனால் அவள் திரும்ப ஒரு தடவை நூல் கட்டி அளக்கும்போது, அளவைப் பார்த்துவிட்டு, நம் கண் தப்பு, நம் கை தப்பு என்று நினைப்பாளே. அது அவளிடமே தங்கிவிடுமே. அதை நான்தான் வைத்தேன். அதுவும் அரைச் சுற்றுதான்.

கார் சரியாகி வந்ததும் நான் அவள் சொன்னபடியே வைத்துக் கொடுப்பேன். ஒரு மில்லி வெளியே. முழுசாக. பின்னால் மட்டும் கொஞ்சம்... பின்சக்கரத்தில் ஒரு தகடு வைத்தால் நிலையாக இருக்கும், பெரிதாக ஒன்றும்... பாருங்கள், பார்த்தீர்களா? இப்போதும் கை போகிறது. இந்தக் கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

வளைவெல்லாம் முடிந்துவிட்டது. இனி தேயிலைதான். கண்டக்டர் எழுந்துவிட்டார்.

நான் வருவதாக அவளுக்குச் சொல்லவில்லை. பூங்கொடி சொல்லியிருப்பாள். அதோ, டீக்கடை ஓரம், கையில் கட்டோடு. ஸ்டாண்டுக்கே வந்துவிட்டாள். அவள் முகத்தைப் பாருங்கள், என் மேல் கோபம் துளிகூட இல்லை. கோபம் இருந்தால் எவ்வளவு சுலபமாக இருக்கும். காரைச் சேதப்படுத்திவிட்டோமே, அப்பா திட்டுவாரோ என்று நிற்கிற முகம்.

நீங்கள் முன்னால் இறங்குங்கள். நான் கடைசியில் வருகிறேன். இல்லை, வேண்டாம். நீங்கள் உட்கார்ந்திருங்கள், நான் முதலில் இறங்குகிறேன்.

இந்தாருங்கள். இது தங்கராசு எழுதிக் கொடுத்த தாள். நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். சீலெல்லாம் இருக்கிறது, கிழித்துவிடுங்கள், எதையாவது மடிக்க வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் இஷ்டம். நான் இறங்கிப்போய் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் ஓடி வந்து இதைத் திரும்பக் கேட்பேன். கேட்பேன், என்னை எனக்குத் தெரியும். கொடுக்காதீர்கள்.

அவளிடம் முதலில், நூல் சரி என்று சொல்ல வேண்டும்.